தேரடியில் பேசியது யார்?

காலை ஆறேகாலுக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டேகால் ரூபாய். பக்கத்தில் கல்யாணப் புடவை எடுக்கப் போகிற ஒரு குடும்பம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் கரை என்ன நிறம் என்று இரண்டு சண்டை. "நீங்க என்ன எடுக்கப் போறீங்க?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். "ஒரு வாக்கியம்" என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொன்னது நிஜம். வக்கீல் ரங்கசபாபதியின் வாழ்க்கை வரலாற்றை அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். ஹைகோர்ட்டில் பெயர் எடுத்தவர், சட்டசபையில் வெள்ளைக்கார அதிகாரிகளைக் கேள்வி கேட்டே திணற வைத்தவர், பிற்பாடு மந்திரி. வெள்ளைக்காரன் காலத்தில் காஞ்சிபுரம் தேரடியில் சுயராஜ்யம் பற்றிப் பேசிய ஒரு பேச்சுக்காக ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனார். அந்தப் பேச்சுதான் என் புத்தகத்துக்கே உயிர். தேரடியில் கல்லில் வெட்டியிருக்கிற அந்த வாசகத்தை ஒரு முறை நேரில் சரிபார்த்துவிடலாமே என்றுதான் கிளம்பினேன்.

ஒன்பது மணிக்குக் கல்லின் முன்னால் நின்றேன். 'கேட்க மாட்டோம், எடுத்துக்கொள்வோம்.' கீழே வக்கீலின் பெயர். எழுத்துக்கு எழுத்து சரி. வேலை முடிந்தது, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தபோது எதிர் டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"அந்தக் கல்லைப் பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்துக்கினு இருக்கீங்க? செவிலிமேட்ல தேவசகாயம்னு ஒரு பெரியவர் இருக்காரு. இந்தப் பக்கம் போறப்பல்லாம் இந்தக் கல்லை ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் போவாரு. அவரைக் கேளுங்க."

என் வக்கீலைத் திட்டுகிறவனா? விடுவேனா! டவுன் பஸ்ஸில் பதினைந்து பைசா கொடுத்துச் செவிலிமேட்டில் இறங்கினேன்.

புது வீடு, சுண்ணாம்பு வாசனை. தேவசகாயத்துக்கு எழுபது வயதிருக்கும். வீட்டிலும் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். அவர் மகள் கிரேஸ் காபி கொண்டுவந்து வைத்தார். ஊர் சுற்றிக் கட்டுரை எழுதுகிறவன் என்று சொல்லி, வந்த விஷயத்தையும் சொன்னதுதான் தாமதம், பெரியவர் எழுந்தே விட்டார்.

"அந்தப் பேச்சு என்னுது சார்! அவர் பேரை வெட்டி வச்சிருக்கானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விடவில்லை. அந்த நாளில் அவர் ஒரு பட்டுக்கடையில் வெளியூருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதும் குமாஸ்தா. வக்கீலுக்கு வீட்டுத் தமிழ் உண்டு, மேடைத் தமிழ் வராது, இங்கிலீஷில்தான் பேசுவார். பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல இவரைக் கூப்பிட்டார்களாம்.

"அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'கவர்மெண்டார் தயவு பண்ணி யோசிக்கணும்'னாரு. கூட்டம் கொட்டாவி விட்டுக்கினு இருக்குது. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. 'கேக்கமாட்டோம், எடுத்துக்குவோம்'னு போட்டேன். தேரடியே அதிர்ந்துச்சு! நெசவுக் கணக்குல, பாவு அவர் போட்டாரு சார். ஊடை பூரா நான்தான்."

"அப்போ ஜெயிலுக்கு?"

பெரியவரின் குரல் இறங்கிவிட்டது. போலீஸ் ரிப்போர்ட்டர் தமிழைத்தான் எழுதிக்கொண்டு போனார். 'நான் பேசியது இங்கிலீஷ். இதை நான் சொல்லவில்லை' என்று வக்கீல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு அவரை விட்டு இவர் மேல் திரும்பியிருக்கும். மாஜிஸ்திரேட் கேட்டார். வக்கீல், "இவை என் வார்த்தைகள்தான்" என்றார்.

"வேன்ல ஏத்தறப்ப என்னைப் பாத்து, 'மொழிபெயர்ப்பு நன்றாயிருந்தது'ன்னாரு. அவ்ளோதான்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா என் பேரும் ஒரு எடத்துல இருக்கணும் சார். செத்துட்டா யாருக்குத் தெரியும்?"

"போடுகிறேன். உங்கள் பேச்சு என்றே போடுகிறேன்" என்றேன். மகளைக் கூப்பிட்டு அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனால் கோர்ட்டில் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பொய்யே சொல்லாத வக்கீல் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்."

பெரியவர் கப்பைக் கீழே வைத்தார். "அவரைப் பொய்யர்னு எழுதுவியா? எழுந்து போய்யா!"

வெளியே வந்துவிட்டேன். மத்தியானம் எங்கே சாப்பிட்டேன், எந்தக் கோபுரத்தைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பெயரைப் போட்டால் ஒருவருக்குக் குற்றம், போடாவிட்டால் இன்னொருவருக்கு. போகிற இடத்தில் இப்படி மாட்டிக்கொள்வதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

நாலு மணி பஸ் புறப்படும் நேரம். ஒரு சைக்கிள் ரிக்‌ஷா அவசரமாக வந்து நின்றது. அதே கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை.

"பேச்சு அவருதுதான். அப்படியே இருக்கட்டும்" என்றார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "கீழே சின்னதா, மொழிபெயர்ப்பு தேவசகாயம்னு போடு. அத்த அவரே சொன்னாரு, பொய் ஆவாது. இனிஷியல் ஏ. எங்கப்பா அருளப்பன்."

"மற்றதெல்லாம்?"

"நீ ஊர் சுத்திட்டு வந்து கட்டுரை எழுதுவியாமே, அதுல எழுதிக்கோ. அத்த எவன் நம்பப் போறான்!"

பஸ் கிளம்பிவிட்டது. கையை ஆட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அச்சாபீசில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் தமிழர். கேட்டவங்களும் தமிழருங்க. இதுல மொழிபெயர்க்க என்ன சார் இருக்கு?"

"ஆறு மாச ஜெயில் இருக்கிறது. அச்சுக் கோர்த்துவிடுங்கள்" என்றேன்.