கிரைண்டரில் என்ன சுற்றுகிறது?

இட்லி சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறீர்களா? முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

போன மாதம் டாலஸ் பக்கம் ஒரு கல்யாணம். தங்கியது செந்தில் வீட்டில். கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவன், வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டான். மனைவி கவிதா. நிலா என்று ஒன்றரை வயதில் ஒரு சுட்டி.

ஞாயிறு காலை கவிதா இட்லி போட்டாள். நான் எண்ணவில்லை, நல்லவேளை அவளும் எண்ணவில்லை. நிலா இரண்டு கையாலும் பிசைந்து, பாதியைத் தின்று மீதியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் செந்தில், "வாங்கண்ணா, என் ஃபேக்டரிய காட்றேன்" என்று கராஜுக்கு அழைத்துப் போனான்.

அங்கே... ரைஃபிள். கரப்பான்பூச்சிக்குப் பயந்து என் வீட்டுக் கதவைத் தட்டிய ஆள் இவன். ஆபீஸ் நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போய்ப் பழக்கிவிட்டார்களாம். வெகுதூரத்தில் இருக்கிற அட்டையைச் சுடும் போட்டி. மிருகம், பறவை எதையும் தொடுவதில்லை என்று அவசரமாகச் சொன்னான். ஆள் சுத்த சைவம்.

கடையில் விற்கும் தோட்டா சரிப்படாதாம். சுட்டபின் விழும் பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பி, தானே தோட்டா செய்கிறான். நிரப்புவதைவிடப் பிரிப்பதுதான் பெரிய வேலை. ஒரே கம்பெனி உறைகள் ஒரே டப்பாவில். பிறகு நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் ஒவ்வொன்றாக நிறுத்து... கழுத்துத் தகட்டின் கனம் அளந்து... நீளம் கூடினால் சீவி... பெண் பார்க்கும்போதுகூட இவன் இவ்வளவு யோசிக்கவில்லை.

ஓர் உறையை அளந்தவன், அதை ஓரமாக இருந்த வாளியில் போட்டான். எனக்கு அது மற்றவற்றைப் போலத்தான் தெரிந்தது.

"எதுக்குடா அதை ஒதுக்கற?"

"கழுத்து கொஞ்சம் தடிப்புண்ணா."

"கொஞ்சம்தானே?"

"இதுல கொஞ்சம்ங்கறதே கிடையாதுண்ணா. இங்க மயிரிழைதான். அங்க போய்ச் சேரும்போது ஒரு ஜாண் தள்ளிப் போயிடும்."

கையில் நீலக் கிளவுஸ். எதற்கு என்று கேட்டேன்.

"சுட்ட கரி ஒட்டியிருக்கும்ல, அதுல லெட் இருக்கு. ஈயம். குழந்தைங்களுக்கு மூளையவே பாதிக்கும். நிலாவ இந்தப் பக்கமே விடமாட்டேன்."

பொறுப்பான பையன் என்று மெச்சிக்கொண்டேன். மூலையில் கடகடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

நம்ம ஊர் வெட் கிரைண்டர். உள்ளே மாவு இல்லை. குழவியைக் கழற்றிவிட்டு, பித்தளை உறைகள், குட்டிக் குட்டி ஸ்டீல் ஊசிகள், சோப்பு, புளித்தண்ணீர். சுற்றிச் சுற்றிப் பளபளத்துக்கொண்டிருந்தன.

செந்திலைத் திரும்பிப் பார்த்தேன். "டேய்... இட்லி?"

"ஐயோ, இது பழசுண்ணா. கவிதா யூஸ் பண்றது புதுசு. கிச்சன்ல இருக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. சூட்கேஸில் துணியைக் குறைத்துக்கொண்டு சுமந்து வந்த கிரைண்டரைத் தூக்கிப்போட நம்மில் யாருக்குத்தான் மனசு வரும்?

அப்போது நிலாவை இடுப்பில் வைத்தபடி கவிதா கதவருகே வந்து நின்றாள்.

"புதுசுல மோட்டார் போயி ஒரு மாசம் ஆச்சே. சொன்னேனே? நீங்க மீட்டிங்ல இருந்துக்கிட்டே உம்முன்னு தலையாட்டினீங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் இதைத்தான் எடுத்து ஆட்டிட்டிருக்கேன்."

செந்தில் கிரைண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னங்க? பித்தளைதானே? புளி போட்டுத்தானே கழுவறீங்க? அம்மா குத்துவிளக்கையும் அப்படித்தானே தேய்ப்பாங்க..."

கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. குழந்தையை வாங்கக் கையை நீட்டியவன், கிளவுஸைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எத்தனை வகையாகப் பிரிக்கிறான்... தொடாதே, ஏன் தொடக் கூடாது என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? கராஜுக்குள் வைத்துவிட்டால் ஆபத்து அங்கேயே இருந்துவிடும் என்று நினைத்துவிட்டான். கராஜுக்கும் கிச்சனுக்கும் நடுவே இருப்பது ஒரு கதவுதானே?

மறுநாளே ஈய அளவு பார்க்க நிலாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். செந்திலும் கவிதாவும் கொடுத்தார்கள். நானும் ஊர் திரும்பியதும் கொடுத்தேன். என்னை விடுங்கள், ஐம்பது வயசு மூளை... இனி அதில் பாதிக்க என்ன இருக்கிறது?

சில நாள் கழித்து செந்தில் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"நிலா ரிசல்ட் வந்துடுச்சுண்ணா. டாக்டர் பயப்பட வேணாங்கறாங்க. இனிமே ஈயம் உள்ள போகாம பாத்துக்கங்க, மறுபடி டெஸ்ட் பண்ணலாம்னாங்க. லெவல் கொஞ்சம் அதிகமாம்."

"அப்புறம் என்னடா? கொஞ்சம்தானே?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மயிரிழை வித்தியாசத்துக்கு உறையைத் தூக்கி வாளியில் போடுகிறவனிடம் சொல்லுகிற வார்த்தையா அது?