ஒகடாய் ராசாவின் கோப்பை

மொன்றியல் ஆஸ்பத்திரியில் என் சிறுநீரகத்தின் வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது. பக்கத்து இயந்திரத்தோடு இன்னொருவர் கிடப்பார். பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற மனிதர். கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். கையில் ஊசி ஏறியதும் மொங்கோலிய ராசாக்களின் கதையைத் தொடங்குவார். எழும்பி ஓட வழியில்லாததால் நானும் கேட்பேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே தண்டனை. தண்ணீரோ தேத்தண்ணியோ, நாளுக்கு நாலு கோப்பைக்கு மேல் கூடாது.

“செங்கிஸ்கானின்ர மோன் ஒகடாய். பாதி உலகம் அவற்ர கையில, தம்பி. குடி கூடிப்போச்செண்டு தமையன் கோப்பை எண்ண ஒரு ஆளைக் காவல் வைச்சிட்டார். பாதியாக் குறைக்கிறன் எண்டு ராசாவும் ஒத்துக்கொண்டார். பேந்து கோப்பையைப் பெரிசாச் செய்விச்சார்.”

“கடைசியில?”

“குடிச்சே செத்தார்,” என்று சிரித்தார்.

அடுத்த முறை கால் வீங்கி, மூச்சிரைக்க வந்தார். எத்தனை கோப்பை குடித்தீர்கள் என்று தாதி பிரெஞ்சில் கேட்டாள். நாலு விரலைக் காட்டினார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“பொய் இல்லை. மூக்குப்பேணியால நாலு. ஒவ்வொண்டும் ரெண்டு கோப்பை கொள்ளும்.”

“அண்ணை, ராசாவின்ர முடிவு தெரிஞ்சுமா?”

“ஓம், தெரியும். ஆனா அண்ணாந்து குடிக்கேக்க ஒருத்தரும் என்ர கோப்பையை எண்ணேல்ல.”

அன்று வீட்டில், அலுமாரியின் மேல்தட்டிலிருந்த வாய் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த எங்கள் பித்தளை மூக்குப்பேணியை இறக்கிக் கழுவினேன். இன்னும் அது மேசையில்தான் இருக்கிறது. நிரப்பப் பயமாக இருக்கிறது. திரும்ப மேலே வைக்கவும் மனம் வரவில்லை.