நாலாவது தாளிலும் விழ வேண்டும்

திருகோணமலைக்கு ஓடும் லோஞ்சுப் படகுக்கு ஆள் பதிகிறவனிடம் யாரும் கடலைப் பற்றிக் கேட்பதில்லை. வரிசை ஏன் நகரவில்லை என்றுதான் கேட்பார்கள். யுத்த காலத்தில் மூதூர் இறங்குதுறையில் வெயிலில் நின்று என்னைத் திட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நான் எழுதியிருப்பேன். காபன் தாள் வைத்து நாலு பிரதி: கடற்படைக்கு, லோஞ்சுக்கு, திருகோணமலைத் துறைக்கு, எங்கள் பதிவுக் கந்தோருக்கு. அட்டை இல்லாத சிறுவர்களுக்குப் பெயர் கிடையாது. தாளின் அடியில் தலைக்கு ஒரு கோடு.

திரும்பிப் போன இருவர்

காசிம் நானா தையற்காரர். எட்டு வயது மகள் நஸ்ரினுக்கு இடது காதில் சீழ். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் காது டொக்டர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். ஒரு மாதத்துக்குள் வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அந்தக் காது கேளாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்.

முதல் செவ்வாய், லோஞ்சில் ஏறும் பலகைக்கு முன்னால் நஸ்ரின் நின்றுவிட்டாள். அழவில்லை; ஏறவும் இல்லை. "தூக்கிப் போடுங்க நானா!" என்று பின்னாலிருந்து சத்தம். அவர் தூக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி என்னிடம் திரும்பி வந்தார்.

"தம்பி, இண்டைக்கு எங்கட ரெண்டு பேரையும் தாள்ல வெட்டி விடுங்க. பிள்ளை இன்னும் யோசிச்சு முடியல்ல."

தோடம்பழம்

அவள் ஏன் ஏறவில்லை என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. கடல் பயமா? அவள் நீந்தத் தெரிந்தவள். சிப்பாய்களின் துவக்குப் பயமா? சோதனையில் தன் பையைத் தானே திறந்து காட்டுகிறவள்.

இரண்டாவது செவ்வாய் அவளை அவளுடைய உம்மா கூட்டி வந்தார். ஏறச் சொல்லவே இல்லை. துறைக் கல்லில் இருவரும் இருந்து, லோஞ்ச் போவதையும் பின்னேரம் திரும்பி வருவதையும் பார்த்தார்கள். நடுவில் ஒரு தோடம்பழம் உரித்தார்கள். ஒரு நாள் வீணாகிறதே என்று எனக்குத்தான் பதற்றம். காரணத்தைக் கேட்டுப் பார்க்கக்கூடாதா என்றேன்.

"கேட்டாச் சொல்லமாட்டா தம்பி. கேக்காம இருந்தாத்தான் சொல்லுவா."

கோடு

சொல்லிவிட்டாள். மூன்றாவது செவ்வாய் மூவரும் வரிசையில் முதல் ஆட்களாக வந்தார்கள். நான் எழுதுவதை நஸ்ரின் எட்டி எட்டிப் பார்த்தாள். நானாவின் பெயர், உம்மாவின் பெயர், அடியில் ஒரு கோடு. நானா குனிந்து, அவள் ஏறாததன் காரணத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஒன்றும் நடக்காது என்று பிள்ளையிடம் சொல்ல என் வாய் வரை வந்தது. அந்த வருடங்களில் அதைச் சொல்ல எந்த ஆள்பதிவுக்காரனுக்கும் உரிமை இல்லை. நானாவும் அதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"லோஞ்சுக்கு ஏதும் நடந்தா, பேர் இருக்கிற ஆக்களத்தான் தேடுவாங்களாம். கோட்ட யாரு தேடுவாங்க எண்டு கேக்கிறா. சரியான கேள்விதானே தம்பி?"

ஒரு ஆள் கூட

சிறுவர் பெயர் எழுத முறை இல்லை என்றேன். "கோட்டுக்குப் பக்கத்துல இடம் கிடக்கே," என்றார் உம்மா. உண்மைதான், கிடந்தது. பேனையை நஸ்ரினிடம் கொடுத்தேன். "அமத்தி எழுது மகள், நாலாவது தாளிலயும் விழ வேணும்," என்றார் நானா. எழுதி முடித்து, ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒருவரும் சொல்லாமலே பலகையில் ஏறினாள்.

அங்கேதான் நான் விட்ட பிழை வெளிவந்தது. பெயர் விழுந்த பிறகு அவளுக்குப் போட்ட கோட்டை வெட்ட மறந்துவிட்டேன். கடற்படைச் சிப்பாய் பெயர்களை எண்ணினான், கோடுகளை எண்ணினான், தலைகளை எண்ணினான். "ஒரு ஆள் காணேல்ல," என்றான் கொச்சைத் தமிழில். எல்லோரையும் இறக்கி, மறுபடி ஏற்றினான். அரைமணித்தியாலம் போனது. என் பரம்பரையே வரிசையில் கிழிபட்டது. கடைசியில் நஸ்ரின் அவன் கையிலிருந்த தாளில் விரலை வைத்தாள்.

"இந்தக் கோடும் நான்தான், இந்தப் பேரும் நான்தான். நான் காணாமப் போகல்ல."

காது தப்பியது, அடுத்த கிழமையிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் பேனை கேட்டார்கள், நான் பிறகு பத்திரிகை நிருபனாகி, சாவுச் செய்திகளில் "சிறுவர் மூவர் உட்பட" என்று எழுத வேண்டி வந்த நாள்களிலெல்லாம் அந்த மூவரின் பெயர்களைத் தேடி அலைந்து, செய்தி பிந்தியதென்று ஆசிரியரிடம் ஏச்சு வாங்கினேன்.