மலையம்மாளுக்கு ஓர் இடம்

இதில் பாதிக்குத் தனிஸ்லாஸ் சார் சாட்சி. மீதிக்கு நான் மட்டும்தான். நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. போன மே மாதம், பட்டப்பகலில், கோரிப்பாளையத்தில்.

அப்போது நான் ஒரு தேசிய விமான நிறுவனத்தின் டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதன் பெயர் வேண்டாம். எந்த நாட்டுடையது என்பதும் வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதில்தான் வந்து போனார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலையில் அது விழுந்தது. விமானம் இல்லை, நிறுவனமே விழுந்தது. இனிமேல் கடனுக்கு எண்ணெய் ஊற்ற முடியாது என்று எரிபொருள் கம்பெனி கைவிரித்துவிட்டது. வாடகைக்கு விட்டவர்கள் விமானங்களை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லாப் பயணங்களும் ரத்து.

முதல் வாரம் கூட்டம் வந்து கத்தியது. ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு கூட்டம் வருவதும் நின்றுபோனது. கத்தியதைவிட அதுதான் பயமாக இருந்தது. எட்டு மேசைகளில் இரண்டு பேர் மிஞ்சினோம். நானும் தனிஸ்லாஸ் சாரும்.

"ஏம்மா ஜாய்ஸ், இன்னைக்குத் தேதிக்கு நம்ம கம்பெனியில பறக்குறது அது ஒண்ணுதான்" என்று சுவரில் படபடத்த காலண்டரைக் காட்டினார் சார். அதில் விமானப் படம்.

"மெதுவாப் பேசுங்க சார். அதையும் வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க."

மலையம்மாளின் முதல் போன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மணி மூன்று இருக்கும்.

"தாயி, நான் அலங்காநல்லூர் மலையம்மா. இங்கன வீட்டு வேலை பாக்குறேன். எம்மக தமிழ்வாணிக்குத் தலப்பிரசவம். பெத்தவ நான் பக்கத்துல இல்லாம எப்பிடித்தா? ஒங்க பிளேன்லதான் எனக்கு எடம் போட்டிருக்காக. அது எப்பக் கெளம்பும்?"

கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தப் பெயரில் எந்தத் தேதியிலும் பயணி இல்லை. ஏஜென்ட் எவனாவது ஏமாற்றியிருப்பான் என்றார் சார். அதை எப்படிச் சொல்வது?

"எப்பக் கெளம்பும்னு எங்களுக்கே தெரியலம்மா" என்றேன்.

"சீட்டுக்கூட வேணாம் தாயி. ஒரு ஓரமாப் படுத்துக்கிட்டே வந்துருவேன்."

பாவம், பஸ் என்று நினைத்துவிட்டார்.

"இங்கன ரொம்பக் குளிருதுத்தா. கொறைக்கச் சொன்னா ஒருத்தரும் காதுல வாங்க மாட்டேங்குறாக."

அவருக்குப் பின்னால் ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. ம்ம்ம்ம்… ஏசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"சரி தாயி. வாரேன்."

போனைக் கீழே வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தியது. போனில் பேசி முடிப்பவர்கள் 'வைக்கிறேன்' என்பார்கள். 'வாரேன்' என்பது நேரில் வந்தவர்கள் எழுந்து போகும்போது சொல்வது. நான் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது வாசல் கண்ணாடிக் கதவு லேசாக ஆடி நின்றது. யாரோ அப்போதுதான் வெளியே போனதுபோல.

காற்றாக இருக்கும்.

அதன் பிறகு தினமும் போன். ஒவ்வொரு நாளும் குரல் மெலிந்துகொண்டே வந்தது. வேறு விமானத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று நானும் எங்கெங்கோ பேசிப் பார்த்தேன். எல்லா விமானங்களும் நிறைந்திருந்தன. அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டால் 'ஒரே இருட்டா இருக்கு தாயி' என்பார். வியாழக்கிழமை அவருடைய நம்பரைக் கேட்டேன்.

"எங்கிட்டதான் போனே இல்லையே."

"அப்ப இது யாரு போனும்மா?"

ம்ம்ம்ம்… அந்த உறுமல் மட்டும்.

"வாரேன் தாயி."

கதவு ஆடியது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தை மூடிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மலையம்மாளைப் பற்றி விசாரிக்க, வளைகுடா விமான நிலையத்தில் இருந்த எங்கள் ஊழியர் ஒருவரைச் சார் நாலு நாளாகப் பிடிக்கப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். நான் மட்டும் இருந்தேன். வெளியே பஸ்களின் ஹாரன், கொளுத்தும் வெயில். மணி 3.10.

போன் அடித்தது.

"பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு தாயி. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காக. எம்மகளுக்கு வலிப்பு வந்துருச்சு. தாயா பிள்ளையான்னு டாக்டரு கேக்குறாரு. எம்மக 'அம்மா அம்மா'ன்னு கத்துறா, எனக்குக் கேக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு விமானம்கூட இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீ அழுவாத. எனக்காக எம்புட்டோ அலைஞ்ச. இனி என்னால கெடக்க முடியாது. நானே வாரேன்."

"வாங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. நம் பக்கத்தில் ஒருவர் 'வாரேன்' என்றால் 'போங்க' என்று யாரும் சொல்ல மாட்டோம். 'வாங்க' என்றுதான் வாயில் வரும்.

ரிசீவரை வைத்தேன்.

உறுமல் நிற்கவில்லை.

ம்ம்ம்ம்…

இப்போது அது அறைக்குள் கேட்டது.

கண்ணாடிக் கதவு திறந்தது. யாரும் இல்லை. ஆனால் கதவு மூடவும் இல்லை. அப்படியே நின்றது… யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

பிறகு குளிர் வந்தது. பனி கொட்டும் தேசங்களின் நாவல்களைப் படித்துவிட்டு மே மாதத்திலும் போர்த்திக்கொண்டு தூங்குகிறவள் நான். கற்பனைக் குளிர் எனக்குத் தெரியும்.

இது அது இல்லை.

பல் கிட்டியது. கவுண்டர் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது, ஐஸ்பெட்டிக் கதவுபோல. அதற்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே…

"பெரியாஸ்பத்திரிக்கு எங்கிட்டுத் தாயி? பாலம் கட்டுறேன்னு ஊரையே மாத்திப்புட்டாக."

கத்த நினைத்தேன்.

கை மட்டும் எழுந்தது. இடது பக்கம் காட்டியது.

"மகராசியா இரு."

கதவு மூடியது.

சார் வந்தபோது நான் எழுந்திருக்கவே இல்லை. "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று டீயை வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. நாலு நாளாகக் கிடைக்காத அந்த ஊழியர். சார் மலையம்மாளின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஜாய்ஸ்… அந்தம்மா பயணியில்லம்மா. சரக்குல இருக்காங்க."

வெளிநாட்டில் இறந்துபோகும் தொழிலாளிகளின் உடலை எங்கள் நிறுவனம் இலவசமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கும். வேலை பார்த்த வீட்டிலேயே மாரடைப்பில் இறந்த மலையம்மாளின் பெட்டியை ஏற்ற வேண்டிய விமானம்தான் முதலில் ரத்தானது. அன்றிலிருந்து அவர் விமான நிலையச் சரக்குக் கிடங்கின் குளிர் அறையில் கிடந்தார்.

இரண்டு வாரம் ஓடி ஓடி, வேறொரு விமானத்தில் அந்தப் பெட்டிக்கு இடம் வாங்கினோம். அலங்காநல்லூர் வீட்டு வாசலில் தமிழ்வாணியின் புருஷன் மருது என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அம்மா தவறுனத அவளுக்கு நாங்க சொல்லவே இல்லக்கா. வயித்துப் பிள்ளைக்காரி தாங்க மாட்டான்னு மறைச்சுட்டோம். ரெண்டு உசுரும் பொழைக்காதுன்னுட்டாக அன்னைக்கு. மூணரை மணிக்குத் திடீர்னு பிரசவம் ஆகி, ரெண்டு பேரும் பொழச்சுட்டாக. பிள்ளையக் கொண்டாந்து காட்டயிலயே கன்னத்துல மைப்பொட்டு இருந்துச்சு. யாரு வச்சதுன்னு கேட்டேன். 'ஒங்க மாமியாதான, உள்ள நின்னாங்களே'ன்னாக நர்சம்மா. எங்கம்மாவச் சொல்லியிருக்கவும் வழியில்ல, ரெண்டு வயசுல அம்மாவ இழந்தவன்கா நான். எனக்கு மாமியான்னு இருந்தது இவுக ஒருத்தருதான்."

நான் அவனோடு உள்ளே போனேன்.

பெட்டியைத் திறந்தார்கள். ஏப்ரலில் மூடி, ஈயம் வைத்து அடைத்த பெட்டி. அடைப்பை வெட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன். அதுவரை அது உடைந்திருக்கவில்லை, பிரிந்திருக்கவில்லை.

பெண்கள் வெள்ளைத் துணியை விலக்கி, வலது கையை வெளியே எடுத்தார்கள்.

ஆள்காட்டி விரல் நுனி கறுப்பாக இருந்தது.

மை.

தொட்டுப் பார்த்தேன்…

ஈரமாக இருந்தது.