ரமேஷ் துடைத்த கிட்டார்

நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது, எங்கள் சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு கேம் சென்டர் திறந்தார்கள். பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, திரையில் இறங்கி வரும் வண்ணப் புள்ளிகளுக்கு ஏற்ற பட்டனைப் பாட்டோடு சேர்ந்து அழுத்த வேண்டும். என் தோழி ஸ்டெல்லாவை அதில் யாரும் மிஞ்சியதில்லை.

ஒரு நாள் என் அத்தை மகன் ரமேஷும் வந்தான். ஸ்கோர் ஏறாமல் தவித்தவனுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"விரலைப் பாக்காதீங்கண்ணா. ஸ்கிரீன்ல மேல்பக்கமே பாத்துகினு இருங்க. நீளமா வர்ற கோட்டை முடியிற வரைக்கும் விட்டுடாதீங்க." ஆடியும் காட்டினாள்.

"நல்லா ஆடுறியே. டவுன்ஷிப்ல எந்த பிளாக்?" என்றான்.

"குவார்ட்டர்ஸ் இல்லண்ணா. குறிஞ்சிப்பாடி பக்கம் காலனி. அப்பா மைன்ஸ்ல காண்ட்ராக்ட் லேபர்."

அவளிடமிருந்து கிட்டாரை வாங்கியவன், கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தான். சற்று முன் வியர்வை வழிய ஆடிய யாரோ ஒருவரிடமிருந்து வாங்கி அப்படியேதான் மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொன்னபடியே ஆடி நல்ல ஸ்கோர் எடுத்துவிட்டு, கிட்டாரை என்னிடம் நீட்டினான்.

"எனக்குத் துடைக்கலியா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? நீ நம்ம வூட்டுப் பொண்ணு."

ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரமேஷை வெறுப்பது சுலபமாக இருந்தது. என் டம்ளரில் இருந்த காபியைத்தான் என்னால் குடிக்க முடியவில்லை.