காகத்துக்கு உப்பில்லாத சோறு

ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் இருந்தபோது எங்களிடம் ஒரு கிழட்டு நாய் இருந்தது. பெயர் வீமன். பதினொரு வயதில் அவனுக்கு இதயம் பலவீனமாகி நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டது. அந்தத் தண்ணீர் இறங்க மிருக வைத்தியர் நாளுக்கு இரண்டு தரம் கொடுக்க மூத்திரக் குளிசை தந்தார். உப்பைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்றார். நாய் நித்திரை கொள்ளும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். முப்பதுக்கு மேலே போனால் ஆபத்து.

எண்ணுகிற வேலை என்னுடையது. எனக்கு ஒன்பது வயது. அந்த ஒரு நிமிடம் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். யாராவது தும்மினாலும் கத்துவேன். அப்பா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கையில் நுரையோடு அப்படியே நிற்பார். நான் "இருபத்தாறு" என்றால் வீடு கல்யாண வீடாகிவிடும்.

புரட்டாதி பிறந்தது, சனியன் பிடித்தது. முதல் சனிக்கிழமை பின்னேரம் முப்பத்துநாலு. அடுத்த சனி முப்பத்தெட்டு. வீமன் படுக்க முடியாமல் குந்தியிருந்து இருமினான். வைத்தியர் குளிசையைக் கூட்டினார், இப்படியே போனால் நாய் தாங்காது என்றும் சொன்னார். யாரோ உப்புக் கொடுக்கிறார்கள். நான் எல்லோரையும் திட்டினேன். மிக்ஸர் மணக்கிறதா என்று அப்பாவின் சட்டைப் பையை மணந்துகூடப் பார்த்தேன்.

அம்மாவை மட்டும் சந்தேகிக்கவில்லை. நாய் குசினிக்குள் காலை வைத்தாலே அகப்பையைத் தூக்குகிறவர் அவர். அந்தப் புரட்டாதிச் சனிகளில் அவர் விரதம் வேறு. மத்தியானம் சோறு, பருப்பு, பொரியல், அப்பளம், வடகம் எல்லாவற்றையும் இலைத் துண்டில் பின்வாசல் மர டெக்கில் வைத்துக் காகத்தைக் கூப்பிடுவார். ரொறன்ரோவில் காகம் இருக்கிறது, கூப்பிட்டால் வராது. ஆனாலும் சற்று நேரத்தில் இலை துடைத்தது மாதிரி இருக்கும். சனீஸ்வரன் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அன்ரிமாருக்கெல்லாம் போன் எடுத்துப் பெருமையடிப்பார்.

மூன்றாம் சனி மேல்மாடி யன்னலால் பார்த்தேன். மூத்திரக் குளிசை குடித்த நாயை அப்பா மணிக்கொரு தரம் வெளியே விடவேண்டும். விட்டார். வீமன் மூத்திரம் பெய்யப் போகவில்லை. நேரே இலைக்குப் போய் முதலில் அப்பளத்தை நொறுக்கினான்.

"அம்மா, உங்கட சனீஸ்வரன் வாலை ஆட்டுறார், வந்து பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்பா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டார். "உவன் மூண்டு கிழமையா காகத்தின்ர சோத்தை அடிச்சிருக்கிறான்!"

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப உப்பை நான்தானே குடுத்திருக்கிறன்," என்றார். வீமன் மீசையில் வடகத் தூளோடு வந்து, இன்னும் ஒரு அப்பளம் கிடைக்குமா என்று அவர் முன்னால் குந்தினான். அதற்குப் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை.

அடுத்த சனி இலையில் வெறும் சோறும் அவித்த கரட்டும். ஒரு கல் உப்பு இல்லை.

"சனீஸ்வரனுக்கும் வயசு போட்டுதெல்லோ, உப்பைக் குறைக்கிறது நல்லம்," என்றார் அப்பா.

பின்னேரம் எண்ணினேன். இருபத்துநாலு! நான் போட்ட கூச்சலில் வீமன் திடுக்கிட்டு எழும்பி, காரணம் தெரியாமல் தானும் சேர்ந்து குரைத்தான். அப்பா அவன் முன்கால்களைப் பிடித்து ஆடினார். "விடுங்கோ, உவனுக்கு இளைக்கப் போகுது!" என்று அம்மா அகப்பையைத் தூக்கினார்.

அந்தச் சந்தோசத்தோடு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"வீமன். உத்தரட்டாதி," என்றார் அம்மா.

எனக்கு வந்த கோபம்! உத்தரட்டாதி அம்மாவின் நட்சத்திரம். கோயிலில் நின்று பொய்! "அம்மா, உது உங்கட நட்சத்திரமெல்லோ!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினார். ஐயர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

நட்சத்திரம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே, ஒரு நாய்க்கு எதற்குத் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை காருக்குள் யோசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.