மடியும் மீன் தொட்டியும்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதப் பகலில், ஸ்ரீரங்கத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். நான் பத்திரிகையில் செய்தி சேகரிப்பவன். கடலே இல்லாத ஊரில் அவர் கடல் மீன் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நாலு பத்தி எழுதலாம் என்று கிளம்பியிருந்தேன்.

கடலோர ஊரான மண்டபத்திலிருந்து ரயிலில், கண்ணாடி ஜாடிகளில் தண்ணீரும் மீனுமாகக் கொண்டுவந்திருந்தார். டாம்சல் என்ற சிறிய இனம். வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டைகள். மீன் என்றதும் முகம் சுளித்த அவர் மனைவி, பட்டையைப் பார்த்துவிட்டு, "நாமம் போட்டுண்டிருக்கு, நம்மாத்துலயே இருந்துட்டுப் போகட்டும்" என்று இடம் கொடுத்தாராம்.

கூடத்தையும் கிணற்றடியையும் இணைக்கும் நடையில், குளிர்ச்சியாக இருக்கும் என்று தொட்டியை வைத்திருந்தார். ஒடுக்கமான இடம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த தொட்டி. மேலே தகர மூடியில் ஒரு பல்பு. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுச் சட்டமெல்லாம் துரு. மீன்களைச் சரியாகக் காட்டுவதற்காக நண்பர் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று மூடியைத் தொட்டார். தொட்ட கையை உதறினார்.

"கரண்ட் பாயறது. பக்கத்துல வராதீங்கோ" என்றார்.

வயரின் மேலுறையை உப்பு அரித்திருந்தது. மூடி, சட்டம், தண்ணீர் எல்லாவற்றிலும் மின்சாரம். மீன்கள் எப்போதும்போல நீந்திக்கொண்டிருந்தன. பிளக் நடையின் மறுகோடியில், கிணற்றடிக் கதவோரம் இருந்தது.

அந்தக் கதவு வழியாக அப்போதுதான் அவர் மனைவி வந்தார். வீட்டில் அன்று திதி. குளித்துவிட்டு, சொட்டும் புடவையோடு, செப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தளிகை செய்யச் சமையலறைக்குப் போகிறார். மடி; மடியில் இல்லாத, விழுப்பான யாரும் அவரைத் தொடக்கூடாது. தரையில் அவர் கால் பட்ட இடமெல்லாம் ஈரம்.

"தொடாதே" என்று கத்தினார் நண்பர்.

அந்த வீட்டில் நாள்தோறும் அந்தச் சொல்லைச் சொல்பவர் அவர் மனைவிதான். தன்மேல் படாதே என்பதே அதற்குப் பொருள்.

"நான் எங்கே தொட்டேன்? நீங்கதான் விழுப்போட வழியில நிக்கறேள்" என்றபடி, எங்கள்மேல் பட்டுவிடாமல் சுவரை ஒட்டி ஒதுங்கினார். தொட்டி அந்தச் சுவரோரம்தான் இருந்தது.

நான் அவரை இழுத்துவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அவர் இன்னும் ஓரடி ஒதுங்கினார். குடத்தின் விளிம்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ஒரு கை அகலம் இருக்கும். "கரண்ட், கரண்ட்" என்றேன். "போயிடுத்தா?" என்று பல்பைப் பார்க்கத் திரும்பினார். குடமும் திரும்பியது.

நண்பர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் கூடத்துக்குள் போய், எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றோம். அவர் குரலைத் தாழ்த்தி, சாதாரணமாகப் பேசுவதுபோல, "வழி விட்டாச்சு. நடுவால வா" என்றார்.

"இதை முதல்லயே செய்யப்படாதோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் நடையின் நடுவே வந்து எங்களைக் கடந்தார். நண்பர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நண்பர் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மடி போயிற்று. "மறுபடி குளிக்கணும், தளிகைக்கு நாழியாயிடும்" என்றார் அந்த அம்மாள். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

நாலு பத்தியை நான் எழுதவே இல்லை. ஆனால் இன்றைக்கும் எச்சரிக்கை ஒன்றை எழுத நேர்ந்தால், அதைப் படித்தவர் அடுத்த அடியை எந்தப் பக்கம் எடுத்து வைப்பார் என்று யோசித்த பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன்.